கூட்டுக் குடும்பம், தனிக்குடித்தனம், பிள்ளைக் கணக்கு: ஓர் ஆய்வு மாணவிக்குப் பதில்

கேள்வி: மக்கள்தொகையியலில் முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்காக இரண்டு ஊராட்சிகளில் திருமணமான 300 பெண்களிடம் தகவல் திரட்டினேன். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்குச் சராசரியாகக் குழந்தைகள் குறைவு, தனிக்குடித்தனத்தில் இருப்பவர்களுக்கு அதிகம் என்று வருகிறது. பாடப்புத்தகமோ கூட்டுக் குடும்பம்தான் பிறப்பைக் கூட்டும் என்கிறது. எது தப்பு? என் கைடு, "கரீபியன் தீவுகளில் இணைவு வகைகளைப் பற்றிப் படித்துவிட்டு வா" என்கிறார். அங்கே கல்யாணம் இல்லாமல் வாழும் உறவுகளுக்கும் என் ஊருக்கும் என்ன சம்பந்தம்? அறிக்கை கொடுக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. எதைத் திருத்தலாம்?

பதில்: அன்புள்ள மாணவிக்கு, உங்கள் கைடு சரியான இடத்துக்குத்தான் உங்களை அனுப்புகிறார். ஆனால் அங்கே போவதற்கு முன், கையில் இருக்கும் அட்டவணையை வயதுவாரியாகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். ஏன் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன்.

கூட்டுக் குடும்பத்தில் 150 பெண்கள். அவர்களில் 120 பேர் இருபதுகளில், 30 பேர் முப்பதுகளில் இருக்கிறார்கள். தனிக்குடித்தனத்திலும் 150 பேர்; அங்கே 50 பேர் இருபதுகளில், 100 பேர் முப்பதுகளில். எந்தக் குடும்பமானாலும் சரி, இருபதுகளில் இருப்பவருக்குச் சராசரி 1 குழந்தை, முப்பதுகளில் இருப்பவருக்கு 2 குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது குடும்ப வகையால் எந்த வேறுபாடும் இல்லை. இப்போது மொத்தச் சராசரியைப் போட்டால் கூட்டுக் குடும்பத்துக்கு 1.2 வரும், தனிக்குடித்தனத்துக்கு 1.67 வரும். வேறுபாடே இல்லாத இடத்தில் ஏறக்குறைய அரைக் குழந்தை வேறுபாடு முளைத்துவிட்டது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் மாமியார் வீட்டில் இருக்கிறாள், சில வருஷம் கழித்துத் தனியாகப் போகிறாள் என்ற ஒரே விஷயம் இதைச் செய்துவிடும்.

இன்னொரு சிக்கல், கூட்டுக் குடும்பம் என்ற கட்டத்துக்குள் இரண்டு தலைமுறைப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்திருப்பது. 23 வயது மருமகளும் அங்கேதான் இருக்கிறாள், 47 வயது மாமியாரும் அங்கேதான் இருக்கிறார். 49 வயது வரை எல்லாரையும் சேர்த்திருந்தால் இருவரும் உங்கள் சாம்பிளில் வந்திருப்பார்கள். மாமியார் பிள்ளை பெற்ற காலம் வேறு. அன்று அவர் எந்தக் குடும்பத்தில் இருந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. இந்த இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்த எண் யாருடைய வாழ்க்கையையும் சொல்லாது.

வயதைச் சரிசெய்த பிறகும் ஒரு பிழை மிச்சம் இருக்கும். நீங்கள் கேட்ட குடும்ப வகை இன்றையது. எண்ணிய பிறப்புகள் நேற்றையவை. 34 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 20 வயதில் கல்யாணம். மாமனார் வீட்டில் ஆறு வருஷம். அங்கேயே இரண்டு குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது, வீட்டில் இடம் போதவில்லை, அடுப்பு பிரிந்தது. கடந்த எட்டு வருஷமாகத் தனிக்குடித்தனம். உங்கள் அட்டவணை இவரைத் "தனிக்குடித்தனம், 2 குழந்தை" என்று எழுதிக்கொள்கிறது. நடந்தது என்னவோ, கூட்டுக் குடும்பத்தின் 72 மாதங்களில் 2 பிறப்பு, தனிக்குடித்தனத்தின் 96 மாதங்களில் ஒன்றுமில்லை. இங்கே தனிக்குடித்தனம் பிள்ளைகளைக் கூட்டவில்லை. பிள்ளைகள் பிறந்து வீடு நெருக்கமானதுதான் தனிக்குடித்தனத்தைக் கொண்டுவந்தது. காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன. இந்த வகை ஆய்வுகளில் நான் மறுபடி மறுபடி பார்க்கும் பிழை இதுதான். உங்கள் கைடு கரீபியன் தீவுகளைப் படிக்கச் சொன்னதன் காரணமும் இதுவே.

அதற்கு முன் பாடப்புத்தகத்தின் பக்க நியாயத்தையும் பார்த்துவிடுவோம். கூட்டுக் குடும்பம் பிறப்பைக் கூட்டும் என்ற வாதத்தை 1955-இல் மக்கள்தொகையியலாளர் கிங்ஸ்லி டேவிஸ் விரிவாக வைத்தார். தனியாகச் சம்பாதித்து வீடு பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவைக்கலாம். பிள்ளை வளர்க்கும் செலவும் உழைப்பும் தாய் தகப்பன் தலையில் மட்டும் விழாது. சீக்கிரம் பிள்ளை பெறும்படி மருமகளுக்கு அழுத்தமும் இருக்கும் என்பது அதன் சாரம். வடமேற்கு ஐரோப்பாவை எதிரே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அங்கே அந்தக் காலத்தில் கல்யாணம் என்றாலே புதுக்குடித்தனம். அதற்குக் கையில் காசு சேர வேண்டும். அதனால் பெண்கள் இருபதுகளின் நடுவில் மணந்தார்கள், கணிசமானோர் மணக்கவே இல்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து டிரியெஸ்ட் வரை ஒரு கோடு இழுத்து, அதற்கு மேற்கே இந்த வழக்கமும் கிழக்கே இளவயதுத் திருமணமும் இருந்ததை 1965-இல் ஜான் ஹைனல் காட்டினார்.

இந்த வாதம் முழுச் சமூகத்தைப் பற்றியது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தை எதிர்பார்த்து இயங்கும் ஊரில், இன்று தனியாக வசிப்பவருக்கும் அதே இளவயதில்தான் கல்யாணம் நடந்திருக்கும். தாய்வீடு, மாமியார் வீடு இரண்டின் கையும் அவருக்கும் கிடைத்திருக்கும். ஒரே ஊருக்குள் இரண்டு வகை வீடுகளை ஒப்பிட்டு டேவிஸ் சொன்னதைச் சரி என்றோ தப்பு என்றோ நிறுவ முடியாது. 1970-இல் தாமஸ் பர்ச்சும் மர்ரே ஜெண்டலும் ஒரு கட்டுரையில் இந்தக் குழப்பத்தைத்தான் எடுத்து வைத்தார்கள். அதற்கு முன்பே மேற்கு வங்கக் கிராமங்களில் மணி நாக் செய்த ஆய்வில், உங்களுக்கு வந்தது போலவே, கூட்டுக் குடும்பப் பெண்களுக்குக் குழந்தைகள் குறைவாகத்தான் இருந்தன. வீட்டில் தனிமை கிடைக்காததால் தாம்பத்தியம் குறைவது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் அவர். ஆகவே உங்கள் முடிவு புதுமை என்றும் எழுதாதீர்கள், புத்தகத்துக்கு மறுப்பு என்றும் எழுதாதீர்கள்.

இனி கரீபியன் தீவுகளில் ஒன்றான ஜமைக்கா. அங்கே ஆண் பெண் இணைவை மூன்றாகப் பிரிப்பார்கள். ஆண் தன் வீட்டிலும் பெண் தன் தாய்வீட்டிலும் இருந்துகொண்டு, அவன் வந்துபோகும் உறவு முதலாவது. பதிவோ சடங்கோ இல்லாமல் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வது இரண்டாவது. சட்டப்படியான திருமணம் மூன்றாவது. பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஏழுக்கு மேல் திருமணத்துக்கு வெளியே பிறப்பவை. இது ஏதோ ஒழுங்கு குலைந்த நிலை என்று வெள்ளை அதிகாரிகளும் பாதிரிகளும் நினைத்தார்கள். 1940-களின் நடுவில் ஆளுநரின் மனைவி மாலி ஹக்கின்ஸ் முன்னின்று தீவு முழுக்கக் கூட்டுத் திருமண இயக்கம் நடத்தினார். சில ஆண்டுகள் திருமணங்கள் கூடின. பிறகு பழைய நிலைக்கே இறங்கின. மக்கள் திருமணத்தைத் தங்கள் வாழ்க்கையின் ஒரு கட்டத்துக்கு உரியதாக வைத்திருந்தார்கள். பெரும்பாலானோருக்கு வந்துபோகும் உறவில் ஆரம்பம். பிறகு சேர்ந்து வாழ்தல். வீடும் வருமானமும் கைகூடிய பிறகு, பல பிள்ளைகள் பெற்ற பின்பு, திருமணம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கெடுப்பாளர் போய் 35 வயதுப் பெண்களைக் கேட்டால், திருமணமானவர்களுக்குப் பிள்ளைகள் அதிகமாகவும் வந்துபோகும் உறவில் இருப்பவர்களுக்குக் குறைவாகவும் தெரியும். திருமணம்தான் பிள்ளைகளைக் கூட்டுகிறது என்று எழுதிவிடத் தோன்றும். ஒரு கற்பனைப் பெண்ணின் 18 வயது முதல் 35 வயது வரையான 204 மாதங்களைப் பிரித்துப் பாருங்கள்: வந்துபோகும் உறவு 30 மாதம், உறவில்லாத இடைவெளி 18, மறுபடி வந்துபோகும் உறவு 24, இடைவெளி 12, சேர்ந்து வாழ்தல் 84, திருமணம் 36. பிறப்புகள் முறையே 1, 0, 1, 0, 3, 1. கணக்கெடுப்பில் இவர் "திருமணமானவர், 6 குழந்தை." உண்மையில் திருமணத்துக்குள் பிறந்தது ஒன்று. வந்துபோகும் உறவில் ஆண்டுக்கு 0.44 பிறப்பு, சேர்ந்து வாழ்ந்தபோது 0.43, திருமணத்தில் 0.33 வருகிறது. கடைசி எண் குறைவதும் பெரும்பாலும் வயதினால்தான். பிள்ளைக் கணக்கை உண்மையாகவே குறைத்தது உறவுகளுக்கு இடையில் வெறுமையாகக் கழிந்த அந்த 30 மாதங்கள்.

சமூகவியலாளர் ஜூடித் பிளேக் ஜமைக்காவில் கண்டறிந்ததும் அதுவே. உறவுகள் அடிக்கடி முறிவதால், கருத்தடை அதிகம் இல்லாத அந்தக் காலத்திலும், பெண்கள் தங்கள் கருவள வயதின் பல மாதங்களை ஆண் துணை இல்லாமல் கழித்தார்கள். நிலையான குடும்பம் அமைந்திருந்தால் பிறப்பு இன்னும் கூடியிருக்கும். அந்தக் கூட்டுத் திருமண இயக்கம் ஆரம்பத்திலேயே வெற்றி பெற்று எல்லாரையும் இருபது வயதில் மணமுடித்து வைத்திருந்தால் தீவின் பிறப்பு விகிதம் ஏறியிருக்கும். அதை நடத்தியவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஜமைக்காவில் திருமணம் எப்படியோ, உங்கள் ஊராட்சியில் தனிக்குடித்தனம் அப்படி. இரண்டுமே பிள்ளைகள் பிறந்த பிறகு பலர் போய்ச் சேரும் இடம். சேர்ந்த இடத்தை வைத்து வந்த வழியை எடை போட முடியாது. அதனால்தான் 1970-களில் உலகக் கருவள ஆய்வு கயானா, ஜமைக்கா, டிரினிடாட் நாடுகளுக்குப் போனபோது, "இப்போது திருமணமானவரா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு நிற்காமல், முதல் உறவிலிருந்து ஒவ்வோர் உறவும் எப்போது தொடங்கியது, என்ன வகை, எப்போது முடிந்தது என்று முழு வரலாற்றையும் வாங்கினார்கள்.

டிரினிடாட் நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு பாடம் வைத்திருக்கிறது. கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள் அங்கே இளவயதில், பெற்றோர் ஏற்பாட்டில், சடங்கோடு கல்யாணம் செய்தார்கள். ஆனால் இந்து முறைத் திருமணத்துக்கு அங்கே 1945-இல்தான் தனிச் சட்டம் வந்தது. அதுவரை பந்தல் போட்டு ஊர் கூடி நடந்த கல்யாணத்தில் பிறந்த பிள்ளையும், பதிவு இல்லையென்றால், பதிவேட்டில் திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகவே நின்றது. பதிவேட்டை மட்டும் பார்த்தவருக்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் ஒரே மாதிரி தெரிந்திருப்பார்கள். உறவு தொடங்கிய வயதும் அது நிலைத்த காலமும் இரு சமூகங்களிலும் முற்றிலும் வேறு. தாளில் இருக்கும் வகைப் பெயரை நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் ஊரில் இதற்கு நேர் இணை ரேஷன் கார்டு. கல்யாணமானதும் தனிக் கார்டு வாங்கிவிட்டு ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் ஏராளம். கார்டைப் பார்த்துக் குடும்ப வகையை எழுதியிருந்தால் அந்த நெடுவரிசையை நீக்கிவிடுங்கள்.

தனிப்பட்ட பெண்ணுக்கு ஒரு திசையிலும் முழுச் சமூகத்துக்கு நேர் எதிர்த் திசையிலும் கணக்கு போகக்கூடும் என்பதற்குப் பலதாரமணத்தைப் பாருங்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில், பல மனைவிகளில் ஒருவராக இருப்பவருக்கு ஒரே மனைவியாக இருப்பவரைவிடப் பிள்ளைகள் சற்றுக் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கணவருக்கு வயது அதிகம். பிரசவத்துக்குப் பின் விலகியிருக்கும் காலமும் நீளலாம். முதல் மனைவிக்குப் பிள்ளை இல்லாததாலேயே இரண்டாம் கல்யாணம் நடந்திருக்கலாம். ஆனால் அந்த முறை வேரூன்றிய சமூகத்தில் பெண் யாரும் மணமாகாமல் இருப்பதில்லை, சீக்கிரம் மணக்கிறாள், விதவையானாலும் விரைவில் மறுமணம். ஆக மொத்தச் சமூகத்தின் பிறப்பு விகிதம் உயரும். இமயமலைப் பள்ளத்தாக்குகளில் அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. நேபாளத்தின் லிமி பள்ளத்தாக்கில் மானுடவியலாளர் மெல்வின் கோல்ட்ஸ்டீன் ஆராய்ந்தபோது, மணமான பெண்ணின் பிள்ளைக் கணக்கு குறையவில்லை. மணமாகாமல் நின்றுவிட்ட பெண்களால்தான் ஊரின் மொத்தம் குறைந்தது. இந்த வேறுபாட்டை உங்கள் ஆய்வு பேசவே முடியாது, ஏனென்றால் நீங்கள் திருமணமான பெண்களை மட்டுமே எடுத்தீர்கள். குடும்ப முறை பிறப்பைத் தொடும் முதன்மையான வழி கல்யாண வயது. மணமாகாத 25 வயதுப் பெண்களை விட்டுவிட்டால் அந்த வழி உங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். இதை அறிக்கையின் வரம்புகள் பகுதியில் முதல் வரியாக எழுதுங்கள்.

(இன்றைய பணக்கார நாடுகளிலும் இதே வழிதான் வேலை செய்கிறது. பிரான்சில் பத்தில் ஆறுக்கு மேற்பட்ட குழந்தைகள் திருமணத்துக்கு வெளியே பிறக்கின்றன. கல்யாணம் குறைந்தால் அதே அளவுக்குப் பிறப்பு குறைய வேண்டியதில்லை. ஜப்பானில் அப்படிப் பிறப்பவை நூற்றுக்கு இரண்டு சொச்சம்தான். அங்கே கல்யாணம் தள்ளிப்போனால் குழந்தையும் தள்ளிப்போகிறது. தென் கொரியாவிலும் இதே கதை. 2023-இல் அதன் மொத்தக் கருவள வீதம், அதாவது அந்த ஆண்டின் பிறப்பு வேகம் நீடித்தால் ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 0.72.)

சரி, குடும்ப வகை எந்த வழியாகப் பிறப்பைத் தொடும்? டேவிஸும் பிளேக்கும் 1956-இல் பதினொரு வாசல்களை வரிசைப்படுத்தினார்கள்: உடலுறவுக்கு வாய்ப்பைத் தீர்மானிப்பவை ஆறு, கருத்தரிப்பைத் தீர்மானிப்பவை மூன்று, கரு தங்குவதைத் தீர்மானிப்பவை இரண்டு. சாதி, படிப்பு, குடும்ப வகை எதுவானாலும் இந்த வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வர முடியும். 1978-இல் ஜான் பொங்கார்ட்ஸ் இதைச் சுருக்கி ஒரு பெருக்கல் கணக்காக்கினார். ஒரு பெண்ணால் சராசரியாகப் பெறக்கூடிய உச்சம் ஏறத்தாழ 15.3, அதைத் திருமண நிலை, கருத்தடை, கருக்கலைப்பு, பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு திரும்பாத காலம் ஆகிய நான்கும் ஒவ்வொன்றாகக் குறைக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண். ஐந்தையும் பெருக்கினால் மொத்தக் கருவள வீதம். 300 பேர் தகவலில் இந்தச் சூத்திரத்தைப் போட முயலாதீர்கள், எண்கள் ஆடும். எந்த வாசலைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதற்கு இதை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் எந்த வாசல் பெரிது என்று பார்ப்போம். ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது பிரிவுதான். ஆனால் அதனால் முதல் குழந்தை அதிகம் போனால் ஒரு மாதம் தள்ளும். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்ச் சில மாதம் தங்குவதும் பெரிதாகத் தோன்றும். அந்த மாதங்களில் பெரும்பகுதி மாதவிலக்கு திரும்பாத காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அடுத்த கருவை அது அதிகம் தள்ளுவதில்லை. ஒரே தடையை இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால், மருமகள் வந்துவிட்டால், தாய் மறுபடி கருவுறுவது வெட்கக்கேடு என்ற எண்ணம் முந்தைய தலைமுறைக் கூட்டுக் குடும்பத்தில் முப்பதுகளின் கடைசியிலேயே பிள்ளைப்பேற்றை நிறுத்தியது. இன்று ஆபரேஷன் அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறது.

பெரிய வாசல் கணவர் வெளியூரில் இருப்பது. கணவர் வளைகுடாவிலோ ராணுவத்திலோ இருந்தால் மனைவி பெரும்பாலும் மாமியார் வீட்டில் அல்லது தாய்வீட்டில் இருப்பார். உங்கள் தாளில் அது "கூட்டுக் குடும்பம்." இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருபவரின் மனைவிக்கு அடுத்த குழந்தை தாமதமாவதைக் கூட்டுக் குடும்பத்தின் தலையில் கட்டிவிடுவோம். கணவரை இழந்தோ பிரிந்தோ பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்ணும் இதே கட்டத்தில்தான் விழுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தக் கருவள வீதம் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019–21-இல், 1.8. எந்த வகைக் குடும்பமானாலும் அநேகமாக எல்லாரும் ஒன்றிலோ இரண்டிலோ நிறுத்துகிறார்கள். ஆகவே "எத்தனை குழந்தை" என்ற கேள்வியில் குடும்ப வகை காட்ட இடமே குறைவு. வேறுபாடு இருந்தால் அது காலத்தில் தெரியும்: கல்யாணத்திலிருந்து முதல் குழந்தை வரை எத்தனை மாதம், முதல் குழந்தை பெற்றவர்களில் எத்தனை பேர் இரண்டாவதுக்குப் போனார்கள், எத்தனை மாதத்தில் போனார்கள். உங்கள் தலைப்பை இதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் முடியும்.

செய்ய வேண்டியது இது. 300 பேரிடமும் போக வேண்டாம். 40 வயதுக்குக் கீழ், குறைந்தது ஒரு குழந்தை உள்ளவர்களிடம் மட்டும் மறுபடி போங்கள். போகுமுன் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியில் மறுசந்திப்பு அடங்குகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருத்த அனுமதி வாங்குங்கள். ஒரு தாளில் கல்யாண மாதம் முதல் இன்று வரை கட்டம் போட்ட நாட்காட்டி. முதலில் பிள்ளைகள் பிறந்த மாதங்களைக் குறியுங்கள். அவைதான் நினைவில் உறுதியாக நிற்பவை. அவற்றை ஆணியாக வைத்து மற்றதைக் கேளுங்கள்: "பெரியவன் பால்வாடிக்குப் போகும்போது எந்த வீட்டில் இருந்தீர்கள்? அப்போது சமையல் சேர்ந்தா, தனியாகவா?" பொங்கல், கோவில் திருவிழா, வீட்டில் நடந்த கல்யாணம் ஆகியவை மாதத்தைப் பிடிக்க உதவும். வருஷத்தை மட்டும் கேட்டால் இடைவெளிக் கணக்கு பாழாகும்.

குடும்ப வகைக்கு இரண்டு குறி போதாது. பாலின் கொலெண்டா இந்தியக் குடும்பங்களைப் பன்னிரண்டாகப் பிரித்தார். உங்கள் அளவுக்கு ஐந்து போதும். முதலாவது, கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் மட்டும்; இரண்டாவது, கணவரின் பெற்றோருடன்; மூன்றாவது, அவர்களோடு மணமான சகோதரர் குடும்பமும்; நான்காவது, மனைவியின் பெற்றோருடன்; ஐந்தாவது, தனி அடுப்பு ஆனால் மாமியார் வீடோ தாய்வீடோ கூப்பிடு தூரத்தில். இந்த ஐந்தாவதை விடாதீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்றால், அடுப்பு பிரிந்ததும் அந்த உதவி போய்விடுவதில்லை. நாட்காட்டியில் இன்னும் மூன்று வரிசை வேண்டும்: கணவர் ஊரில் இருந்தாரா, கருத்தடை (காப்பர்-டி, மாத்திரை, ஆணுறை, ஆபரேஷன்) எந்த மாதத்திலிருந்து, கர்ப்பம் எப்படி முடிந்தது.

எக்செல்லில் ஏற்றும்போது எல்லாத் தேதியையும் மாத எண்ணாக்கிவிடுங்கள்: ஆண்டிலிருந்து 1900-ஐக் கழித்து 12-ஆல் பெருக்கி மாதத்தைக் கூட்ட வேண்டும். 2015 ஜூன் என்றால் 115 × 12 + 6 = 1386. இப்படிச் செய்தால் இடைவெளி என்பது வெறும் கழித்தல். பிறகு ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் குழந்தை பிறந்த மாதத்திலிருந்து ஒரு மாதத்துக்கு ஒரு வரி. இரண்டாவது குழந்தை பிறந்தாலோ, நேர்காணல் மாதம் வந்தாலோ வரிகள் நின்றுவிடும். ஒவ்வொரு வரியிலும் குடும்ப வகையை அந்த மாதத்தில் இருந்தபடி எழுதாமல், ஒன்பது மாதத்துக்கு முன் இருந்தபடி எழுதுங்கள். வயிற்றில் பிள்ளையோடு தனி வீட்டுக்குப் போனவரின் பிரசவம் தனிக்குடித்தனத்தின் கணக்கில் ஏறாமல் இருக்க இதுவே வழி. ஆபரேஷன் செய்துகொண்டவரின் மாதங்களைக் குறியிட்டு, சேர்த்து ஒருமுறையும் நீக்கி ஒருமுறையும் கணக்கிடுங்கள். இரண்டு முடிவும் வேறாக வந்தால் குடும்ப வகை எந்த வாசலில் வேலை செய்கிறது என்பது அங்கேயே தெரியும்.

இரண்டாவது குழந்தை இன்னும் பிறக்காதவர்களை நீக்கிவிட்டுச் சராசரி இடைவெளி எடுக்காதீர்கள். அவர்களை நீக்கினால் சீக்கிரம் பெற்றவர்கள் மட்டும் மிஞ்சி, இடைவெளி குறைந்து தெரியும். புதிதாக மணமானவர்கள் நிறைந்த கூட்டுக் குடும்பத்தில் இந்தக் கோளாறு இன்னும் அதிகம். மாதம் போகப் போக எத்தனை பேருக்கு இன்னும் இரண்டாவது பிறக்கவில்லை என்று காட்டும் கப்லன்–மையர் வளைவு போட்டால் அவர்கள் இருந்த மாதங்கள் வரை கணக்கில் வருவார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் மாத வரிகளில், பல காரணிகளை ஒரே நேரத்தில் எடைபோடும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போடலாம்: முதல் குழந்தையிலிருந்து கடந்த மாதங்கள், தாயின் வயது, படிப்பு, முதல் குழந்தை ஆணா பெண்ணா, கணவர் ஊரில் இருந்தாரா, குடும்ப வகை. ஒரு காரணிக்குப் பத்து இரண்டாம் பிறப்பாவது இருந்தால்தான் அதைச் சேருங்கள். ஐந்து குறிகளில் ஏதாவது ஒன்றில் ஆள் குறைந்தால் பக்கத்துக் குறியோடு இணைத்துவிடுங்கள். சாம்பிளின் எல்லையும் தெரிந்திருக்கட்டும். இரண்டு பக்கமும் 200 பேர் இருந்தாலே, பாதிப் பேர் இரண்டாவதுக்குப் போகும் நிலையில், 10 சதவீதப் புள்ளிக்குக் குறைந்த வேறுபாட்டை நம்ப முடியாது. உங்களிடம் அதைவிடக் குறைவு. "வேறுபாடு இல்லை" என்று எழுதாமல், "இந்த அளவுக்குக் குறைந்த வேறுபாட்டை இந்தச் சாம்பிள் காட்டாது" என்று எழுதுங்கள்.

கடைசியாக, நேர்காணல் நடக்கும் இடம். கூட்டுக் குடும்ப வீட்டில் மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்ல மாட்டார். கலைத்ததைச் சொல்லவே மாட்டார். பிறந்து இறந்த குழந்தையைக்கூட விட்டுவிடலாம். தனிக்குடித்தனத்தில் இவை வெளியே வரும். அப்படியானால் பதில் சொல்லும் சுதந்திரமே குடும்ப வகையோடு சேர்ந்து மாறுகிறது, அதை எந்தச் சூத்திரமும் சரிசெய்யாது. ஒவ்வொரு தாளின் மேலும் "வேறு யார் உடனிருந்தார்" என்று ஒரு கட்டம் போட்டு, அதைப் பகுப்பாய்விலும் சேருங்கள். துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துப்போய், அவர் வீட்டுப் பெரியவர்களிடம் வீட்டு விவரத் தாளை நிரப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் கிணற்றடியிலோ மாடியிலோ மருமகளிடம் பேசுங்கள். முதல் 20 வீட்டை முடித்ததும் நின்று, தனியாகப் பேசிய தாள்களையும் ஆள் இருக்கும்போது பேசிய தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கருத்தடை வரிசை இரண்டிலும் பெரிதும் வேறுபட்டால், மீதி வீடுகளுக்குப் போகும் நேரத்தை மாற்றிவிட்டுத் தொடருங்கள்.